பள்ளிப்புறம் கோட்டையும் அம்புத் துளையும்

நம் சங்கத்துப் பிள்ளைகளோடு வைப்பின் தீவின் வடகோடியிலுள்ள பள்ளிப்புறம் கோட்டைக்குப் போயிருந்தேன். சுவரிலிருந்த திறப்பைக் காட்டி ஒரு சிறுவன், "இது அம்பு விட்ட ஓட்டையா, தாத்தா?" என்றான். நல்ல கேள்வி. இதைக் கட்டிய போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு பீரங்கியோடு வந்தவர்கள். ஆகவே இவற்றைப் பீரங்கித் துளை என்பதே பொருந்தும். ஆயினும் அம்புத் துளையை அறிந்தால்தான் இது விளங்கும்.

அதற்குத் தமிழில் 'ஏப்புழை' என்ற பழஞ்சொல் உண்டு. ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. மதிலில் மறைந்து நின்று எய்யும் உறுப்பை 'ஞாயில்' என்றார்கள்.

சுவரில் துளை போடுவது எந்தப் பொறியாளருக்கும் பிடிக்காது. அங்கே சுவர் பலவீனப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். இக்கோட்டைச் சுவரின் கனம் சுமார் 6 அடி. அதில் அரையடி அகலத்துக்கு நேராகத் துளைத்தால் உள்ளிருப்பவனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்பதரை டிகிரிப் பார்வைதான். 100 அடி தள்ளி 17 அடி அகலம் தெரியும், அவ்வளவே. வெளிவாயை அப்படியே வைத்து, உள்வாயை மட்டும் 3 அடியாக விரித்தால் பார்வை 32 டிகிரியைத் தாண்டும். அதே தொலைவில் 59 அடி அகலம் தெரியும். எதிரிக்குத் தெரிவது பழைய அரையடிதான்! வில்லாளி உள்ளே இப்படியும் அப்படியும் நகர்ந்து எய்யலாம். கீழ்நோக்கியும் எய்ய வேண்டுமல்லவா? அதனால்தான் அம்புத் துளை ஒடுங்கி, உயரமாக இருக்கும்.

பீரங்கி அப்படியல்ல. அதன் குழல் துளைக்குள்ளேயே நீண்டு நிற்கும். குழலை இடவலம் திருப்ப வேண்டுமானால் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் விரிய வேண்டும். எனவே பழைய கோட்டை எதற்குப் போனாலும், துளை எந்தப் பக்கம் விரிகிறது என்று முதலில் பாருங்கள். நடுவிலே ஒடுங்கி இருபுறமும் விரிவதும் உண்டு.

பள்ளிப்புறத்தில் இன்னொரு விஷயம். கோட்டைக்கு ஆறு முகம். சுற்றிலும் காக்க முகத்துக்கு 60 டிகிரி வேண்டும். அரையடி வெளிவாயுள்ள ஒரே துளையால் அதைப் பெற, உள்வாயை ஆறடிக்கு மேல் விரிக்க வேண்டும். வெட்டுகல் சுவர் அதைத் தாங்குமா? துளைகளைப் பலவாக்குவதே வழி. அப்போதும் ஒரு சுவரின் அடிவாரத்தை அடுத்த சுவரிலிருந்து சுட முடியாது, மூலை மறைத்துவிடும். மூலையிலிருந்து வெளியே துருத்தும் கொத்தளங்கள் அதற்காக வந்தவையே. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் அவற்றைக் காணலாம்.

கொத்தளமில்லாத இந்தச் சிறு கோட்டையை 1661இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1789இல் கொடுங்கல்லூர்க் கோட்டையோடு சேர்த்து இதைத் திருவிதாங்கூருக்கு விற்றுவிட்டார்கள். அந்த விற்பனையை ஏற்காத திப்பு சுல்தான், அவ்வாண்டு டிசம்பரில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கினார்.