பழைய காருக்கு ஏசி: எதைத் தெரிவு செய்வது?

திருமண ஊர்வலங்களுக்கு மொரிஸ் மைனர், ஒஸ்டின், வொக்ஸ்வேகன் பீட்டில் போன்ற பழைய கார்களை வாடகைக்குக் கேட்போர் இன்று பலர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வீட்டு முற்றத்தில் கிடந்த பழைய காரைத் திருத்தி எடுத்து, சொந்தத் தேவைக்கும் வாடகைக்கும் பயன்படுத்தத் தொடங்கியவர்களும் உண்டு.

வாடகைக்கு வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஏசி இருக்கிறதா?" என்பதாகும். கொழும்பின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். காற்றில் ஈரப்பதனும் அதிகம். கனத்த உடையணிந்த மணப்பெண்ணுக்கு ஜன்னல் காற்று போதாது. எனவே கார் உரிமையாளர் அருகிலுள்ள கராஜில் கிடைத்த பாகங்களைப் பூட்டிக் கொள்கிறார். சில வாரங்களில் எஞ்சின் கொதிக்கிறது, அல்லது இரவு ஊர்வலத்தின் நடுவே பற்றரி இறங்கிவிடுகிறது. செலவழித்த பணம் மட்டுமல்ல, தொழிலின் பெயரும் கெட்டுப் போகிறது. ஆகவே ஏசி பூட்டுவதையும் ஒரு முதலீடாகவே கருதி, முன்கூட்டியே கணக்குப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கான வழிகளை இவ்வாரம் நோக்குவோம்.

ஏசி எவ்வாறு இயங்குகிறது?

காரின் ஏசியில் பிரதானமாக ஐந்து பாகங்கள் உள்ளன. கொம்பிரசர் வாயுவை அமுக்குகிறது. சூடேறிய அந்த வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகிறது. ட்ரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பேன்ஷன் வால்வு வழியாகச் செல்லும்போது அமுக்கம் திடீரெனக் குறைகிறது. பின்னர் கூலிங் கொயிலில் அது ஆவியாகி, காருக்குள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக் கொள்கிறது. காற்றிலுள்ள ஈரமும் அந்தக் கொயிலில் நீராகப் படிந்து வெளியே வடிகிறது. ஈரப்பதன் மிக்க நமது நாட்டில் இந்த இரண்டாவது வேலையும் முக்கியமானது.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை உள்ளிருந்து வெளியே கொண்டு போகிறது. அதற்கான சக்தி முழுவதும் எஞ்சினிலிருந்தே வர வேண்டும். பழைய காரின் பிரச்சினை இங்குதான் ஆரம்பமாகிறது.

எஞ்சினின் வரவும் செலவும்

மொரிஸ் மைனர் 1000 ஐ உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 1956 இல் வந்த 948 சிசி எஞ்சின் தரும் உச்ச வலு 37 குதிரைவலு. 1962 இல் வந்த 1098 சிசி எஞ்சினுக்கு 48 குதிரைவலு. இவை எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பவை. வாகன நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இதில் ஒரு சிறு பகுதியே கையில் இருக்கும். சிறிய கொம்பிரசர் ஒன்றுக்கே ஏறத்தாழ 3 முதல் 5 குதிரைவலு வரை தேவைப்படும். ஆகவே பெரிய கொம்பிரசரைப் பூட்டினால் கூடுதல் குளிர் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. குளிர் வருமுன் எஞ்சின் நின்றுவிடும்.

மின்சாரக் கணக்கு இதைவிட நெருக்கமானது. மைனரின் டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் அளவே தரும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. ஏசியின் புளோவர் 10 முதல் 12 அம்பியர், கண்டென்சர் விசிறி 8 முதல் 10, கொம்பிரசர் கிளச் 3 முதல் 4 என்று எடுத்தால் மொத்தம் 26 அம்பியர் வரை ஆகிறது. இரவில் விளக்குகளும் இக்னிஷனும் இதற்கு மேல் வரும். வரவு 22, செலவு 35 என்றால் வித்தியாசத்தைப் பற்றரியே கொடுக்கிறது. அதுவும் சிறிது நேரத்துக்குத்தான்.

ஆகவே ஏசிக்கு முன் டைனமோவை அகற்றி 45 அம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட அல்டர்னேட்டரைப் பூட்டுவது கட்டாயமாகும். இங்கு இன்னொரு விடயம் உண்டு. அக்காலத்து பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதனை மறை முனைக்கு மாற்றாமல் அல்டர்னேட்டரை இணைத்தால் அதன் டயோட்கள் உடனே எரிந்துவிடும். விசிறி மோட்டர்களும் எதிர்த்திசையில் சுழலக்கூடும். பீட்டிலின் பழைய மாதிரிகளில் 6 வோல்ட் மின்னமைப்பே உள்ளது. அவற்றை முதலில் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் ஆற்றல். கண்டென்சர் வெளியேற்றும் சூடான காற்றுத்தான் ரேடியேட்டருக்குள் போகிறது. ஏசி இல்லாமலே வெப்பமானி ஏறும் காரில் ஏசி பூட்டுவது, கடனில் இருக்கும் கடைக்கு இன்னொரு கிளை திறப்பது போன்றதாகும். ரேடியேட்டரைத் துப்புரவு செய்து, தேவையானால் உட்பகுதியை மாற்றி, நல்ல மின்விசிறி ஒன்றைப் பொருத்திய பின்னரே மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

நான்கு தெரிவுகள்

ஒன்று, டெஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் தனி யூனிட். கூலிங் கொயில், புளோவர், வால்வு எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். டெஷ்போர்டை வெட்டத் தேவையில்லை, பின்னர் கழற்றிவிடவும் முடியும். சிறிய கார்களுக்கும் வாடகைக் கார்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருத்தமானது. முன் ஆசனத்தில் இருப்பவரின் கால் இடம் சற்றுக் குறைவது இதன் குறை.

இரண்டு, டெஷ்போர்டுக்குள் மறைத்துப் பூட்டும் முறை. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் கூலி அதிகம். மூல உலோகத்தை வெட்டவும் நேரலாம். வெட்டிய டெஷ்போர்டை மீண்டும் பழையபடி ஆக்குவது கடினம். சேகரிப்பாளர்கள் அசல் நிலையிலுள்ள காருக்கே கூடிய விலை கொடுப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று, சிறிய ஜப்பானியக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது. பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் உதிரிப்பாகம் தேடுவோர் பலரும் நாடும் வழி இது. கொம்பிரசர், கொயில், கண்டென்சர் மூன்றும் ஒரே வகைக் காரிலிருந்து வந்தால் அவற்றின் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். பாவித்ததை வாங்கினாலும் ட்ரையர், ஓ-வளையங்கள், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். வாய் திறந்தபடி கிடந்த ட்ரையர் காற்றின் ஈரத்தை ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும்.

நான்கு, மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசர். 12 வோல்ட்டில் இயங்குபவை இப்போது விற்பனைக்கு உள்ளன. ஆனால் அவை இழுக்கும் மின்னோட்டம் 50 அம்பியரையும் தாண்டும். சிறிய அல்டர்னேட்டர் அதனைத் தாங்காது. ஹைபிரிட் கார்களின் கொம்பிரசர் மலிவாகக் கிடைக்கிறது என்று எவரும் சொன்னால் ஏமாற வேண்டாம். அது 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில் இயங்குவது. பழைய காருக்கு உதவாது, தவறாகக் கையாண்டால் உயிராபத்தும் உண்டு.

கொம்பிரசரின் அளவு

பழைய முறையில் வந்த இரண்டு சிலிண்டர் கொம்பிரசர்கள் பாரமானவை, அதிர்வும் கூடியவை. சிறிய எஞ்சினுக்கு சுழலும் தட்டு வகையே நல்லது. சாண்டன் நிறுவனத்தின் எஸ்டி-508 ஒரு சுற்றுக்கு 138 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. பெரிய எஞ்சின்களுக்கு ஏற்றது. 1000 சிசி அளவிலான காருக்கு அதே குடும்பத்தின் எஸ்டி-505 போதுமானது. அதன் கொள்ளளவு 87 கனசென்ரிமீற்றர். சிறிய காரின் உள்ளிடமும் சிறியதே என்பதால் குளிருக்குக் குறைவிருக்காது. ஏசி போடும்போது எஞ்சினின் மெதுவேகத்தைச் சற்று உயர்த்தும் சிறு கருவியையும், அமுக்கம் எல்லை மீறினால் கிளச்சை நிறுத்தும் சுவிட்சையும் கேட்டு வாங்குங்கள். பின்னையது இல்லாத அமைப்பை ஏற்க வேண்டாம்.

பீட்டில் உரிமையாளர்கள் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். அந்த எஞ்சின் பின்னால் உள்ளது, காற்றினால் குளிர்வது. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் கண்டென்சரை வைத்தால் எஞ்சின் சூடேறும். அதனை வேறிடத்தில், தனி விசிறியுடன் வைக்க வேண்டும். மாறாக, 1976 முதல் 1986 வரை வந்த பென்ஸ் 123 வரிசை போன்ற கார்களுக்குத் தொழிற்சாலை ஏசியே இருந்தது. அவ்வாறான காரில் புதிய அமைப்பைத் தேடாமல், உள்ளதைத் திருத்துவதே சிக்கனம்.

வாயு விடயத்தில் அவதானம்

பழைய ஏசிகளில் ஆர்-12 வாயு பயன்பட்டது. ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், 1987 இன் மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளும் 2010 உடன் அதன் உற்பத்தியையும் பாவனையையும் கைவிட்டன. இப்போது இத்தகைய வேலைகளுக்குப் பயன்படுவது ஆர்-134ஏ. ஆர்-12 க்குரிய கனிம எண்ணெய் இதனுடன் கலக்காது. ஆகவே பழைய அமைப்பைக் கழுவி, ஏற்ற எண்ணெய் இட்டு, புதிய வகைக் குழாய்களையும் பூட்ட வேண்டும். வாயு நிரப்புமுன் வெற்றிடப் பம்பினால் அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். வாயுவைக் கண்மட்டத்தில் அல்ல, நிறுத்தே நிரப்ப வேண்டும்.

மலிவான வாயு பெரும் ஆபத்து. 2011 இல் போலி வாயு நிரப்பப்பட்ட கப்பல் குளிர்கொள்கலன்கள் வெடித்து உயிர்கள் பலியாயின. அந்தக் கலப்படம் அலுமினியத்துடன் தாக்கம் புரிந்ததே காரணம். சமையல் வாயுவை நிரப்பித் தருவதாகக் கூறுவோரும் உளர். மூடிய காருக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். முத்திரையிடப்பட்ட சிலிண்டரை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

முதலீடு திரும்புமா?

கணக்குக்காக மொத்தச் செலவு 3 இலட்சம் ரூபா என்றும், ஏசிக்காக ஒரு பயணத்துக்கு 5,000 ரூபா மேலதிகமாகக் கிடைக்கிறது என்றும் வைத்துக் கொள்வோம். கூடுதல் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் 1,000 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 4,000. முதல் திரும்ப 75 பயணங்கள் தேவை. ஆண்டுக்கு 25 பயணம் என்றால் மூன்று ஆண்டுகள். 10 பயணம் மட்டுமே என்றால் ஏழரை ஆண்டுகள். அப்போது இந்த முதலீடு தேவைதானா என்று மறுபடி யோசிக்க வேண்டும். உங்கள் ஊர் விலைகளை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எதற்கும் முன்னர் குறைந்த செலவிலான வேலையை முடியுங்கள். எஞ்சினுக்கும் உள்ளிடத்துக்கும் இடையிலான ஓட்டைகளை அடைத்து, கூரைக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு விரித்து, கதவு ரப்பர்களை மாற்றுங்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்தால் சிறிய ஏசியே போதுமாகிவிடும்.

வேலையை ஒப்படைக்கும்போது பாகங்களின் பட்டியல், விலை, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். புதிதாகத் துளையிடாமல், இருக்கும் போல்ட் துளைகளிலேயே தாங்கிகளைப் பூட்டச் சொல்லுங்கள். கழற்றிய டைனமோவையும் பழைய பாகங்களையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். காரைப் பொறுப்பேற்குமுன், நண்பகல் வெயிலில், நெரிசலான வீதியில், விளக்குகளையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெப்பமானி ஏறாமல், பற்றரி இறங்காமல், உள்ளே குளிரும் நிலைத்திருந்தால் மட்டுமே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.