செய்தி வரிசையும் வகையறிந்த நூலகமும்

ஒருவர் கூறியதை மற்றவர் கூறியவாறே விளங்கிக் கொள்ளுதல் எளிதன்று. எதிரெதிரே நின்று உரையாடுவோர்க்கே இஃது அரிதெனின், ஒன்றையொன்று அறியாது வெவ்வேறிடத்தில், வெவ்வேறு நேரத்தில் தொழிற்படும் இரு கணினிகளுக்கு எத்துணை அரிதாகும்! இவ்வருமையைத் தீர்ப்பதற்கு இக்காலத்தார் கைக்கொள்ளுஞ் சாதனங்கள் இரண்டு. ஒன்று செய்தி வரிசை. மற்றையது வகையறிந்த நூலகம். இவ்விரண்டையும் கண்டி வாழ்வோர் நன்கறிந்த பொருள்களைக் கொண்டே விளக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்தி வரிசையின் தன்மையைத் தபாற்பெட்டி காட்டும். கடிதம் எழுதுபவர் அதனைப் பெட்டியில் இட்டதும் தம் வேலைக்குத் திரும்புகிறார். பெறுபவர் அவ்வேளை வீட்டில் இருத்தல் வேண்டுமென்பதில்லை. கடிதம் இடையிலே காத்திருந்து, உரிய நேரத்திற் சேர்கின்றது. அவ்வாறே ஒரு கணினி தன் செய்தியை இடைநின்ற தரகுக் கணினியிடம் ஒப்படைக்கும். அது செய்திகளை வந்த ஒழுங்கில் வரிசைப்படுத்தி வைத்துப் பெறுவோனுக்கு ஒவ்வொன்றாக அளிக்கும். இம்முறைக்கெனப் பலர்க்கும் பொதுவான விதியொன்று 2003ஆம் ஆண்டில் ஜே. பி. மோர்கன் வங்கியில் வகுக்கப்படலாயிற்று. அவ்விதியைத் தழுவிய ரபிட்எம்கியூ என்னும் மென்பொருள் 2007ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867ஆம் ஆண்டிலேயே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்தின் நிறை தொழிலாளியின் உழைப்பை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. மலைச்சரிவிலுள்ள மடுவமொன்றில் மின்தராசு வைக்கப்பட்டிருக்கின்றதெனக் கொள்வோம். ஒவ்வொருவர் கொழுந்தும் நிறுக்கப்பட்டதும், தொழிலாளியின் இலக்கம், நிறை, நேரம் ஆகியவற்றைத் தாங்கிய செய்தியொன்று தோட்டத்துக் காரியாலயக் கணினிக்குச் செல்லவேண்டும். மழையினால் தொடர்பு அறுந்தாலும், காரியாலயக் கணினி உறங்கினாலும், ஒரு நிறுவையேனும் தொலைதல் கூடாது. இதற்குச் செய்தி வரிசை தக்கதோர் ஏற்பாடாகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தரகுக் கணினியிடமிருந்து ஏற்புச்சீட்டு வருமளவும் அனுப்புபவன் தன் படியை அழித்தலாகாது.

செய்தி சேர்ந்துவிட்டது; பொருள் சேர்ந்ததா என்பதே அடுத்த வினா. தரகுக் கணினிக்குச் செய்தியின் உள்ளடக்கம் வெறும் எண்ணிரல் மட்டுமே. அதனுள் இருப்பது நிறையா, நாளா, பெயரா என்பதை அஃது ஆராய்வதில்லை. ‘0427’ என்னுந் தொழிலாளி இலக்கத்தைப் பெறுங் கணினி ஓர் எண்ணெனக் கருதினால் முன்னுள்ள சுழியம் மறைந்து 427 ஆகிவிடும். அக்கணக்கு வேறொருவர் பெயரிற் சேரவுங்கூடும். நிறை எழுதப்படாத செய்தியைச் சுழியமெனக் கொண்டால், அன்றைய உழைப்பு முழுவதும் இல்லையென்றாகும். ஈண்டு பிழைப்பது கணினி. இழப்பது கூடை சுமந்தவர்.

இப்பிழையைத் தடுப்பதே வகையின் பயன். இதற்கு ஒப்புமை நம் புகையிரதப் பாதையிலேயே உண்டு. இறம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் ஒற்றைத் தண்டவாளத்தில், சாரதி வளையத்தோடு கூடிய தோற்பையொன்றைக் கைமாற்றிச் செல்வதைப் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர். அப்பையினுள் இருப்பது ‘டப்லட்’ எனப்படும் வில்லை. இன்ன நிலையத்துக்கும் இன்ன நிலையத்துக்கும் இடைப்பட்ட பாதைக்கே உரியதென அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்த பிரிவின் பொறியில் அது பொருந்தாவண்ணம் வெட்டும் வேறாக அமைந்திருக்கும். எழுத்தாலும் வடிவாலும் வகை குறிக்கப்பட்ட செய்தி இதுவேயாகும்.

ஆயினும் வகையைக் குறித்தல் மட்டும் போதாது. வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் நிலையத்தில் 1921ஆம் ஆண்டு சனவரி 26ஆந் திகதி நிகழ்ந்ததை நோக்குக. நிலையத்தை வந்தடைந்த வண்டியின் சாரதி தான் கடந்து வந்த பிரிவின் வில்லையையே மீண்டும் பெற்றார். அதிற் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தும் எவரும் அதனைப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டது, எதிரே வந்த கடுகதி வண்டியோடு மோதி 17 பேர் மாண்டனர். வில்லை பொய் கூறவில்லை, பெற்றவர் வாசிக்கவில்லை. பெறும் வாயிலிலே தவறாது சோதித்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடமாகும்.

மனிதன் களைப்பினாலும் பழக்கத்தினாலும் தவறவிடும் இச்சோதனையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே வகையறிந்த நூலகம். கணினியாளர் நூலகம் என்பது புத்தகசாலையை அன்று. முன்னரே எழுதிச் சோதித்து, வேண்டுவோர் எடுத்தாளுமாறு வைக்கப்பட்ட செய்நிரற் றொகுதியையாகும். இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005ஆம் ஆண்டில் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் உருவாகிய பாலெரினா என்னும் கணினிமொழியின் முதலாம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் முதன்மையான பங்கு கொண்டவர். ரபிட்எம்கியூ முதலிய செய்தி வரிசைகளோடு தொடர்பு கொள்ளும் நூலகங்கள் அம்மொழிக்கு உண்டு.

அதன் தொழிற்பாடு வருமாறு: ‘நிறுவை’ என்னும் வகையை முதலில் வரையறுக்கின்றோம். தொழிலாளி இலக்கம் எழுத்துத் தொடர், நிறை தசம எண், நேரம் எழுத்துத் தொடர், மூன்றும் இன்றியமையாதவை என விதிக்கின்றோம். அனுப்பும் செய்நிரலில் நிறையை எழுத மறந்தால், அச்செய்நிரல் இயங்கத் தொடங்குமுன்னரே மொழி அதனை மறுத்துவிடும். பெறும் செய்நிரலில், வந்த எண்ணிரலை நூலகம் நிறுவையாக மாற்ற முயலும். பொருந்தினால் நம்மிடம் அளிக்கும். பொருந்தாவிடின் பிழையென அறிவித்து, அதற்கென நாம் வகுத்த பகுதியிடம் ஒப்படைக்கும். அரைகுறைச் செய்தி கணக்கேட்டினுள் நுழைவதில்லை.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் உள. முதலாவது, ஏற்புச்சீட்டு வழியில் தொலைந்தால் ஒரே செய்தி இருமுறை வரலாம். இரண்டும் செவ்விய வகையினவாதலின் நூலகம் தடுக்காது. ஆகவே ஒவ்வொரு நிறுவைக்கும் தனியிலக்கம் இட்டு, முன்னர்ப் பதிந்ததை மீண்டும் பதியாது விடுதல் வேண்டும். இரண்டாவது, பொருந்தாத செய்தியை அதே வரிசைக்குத் திருப்பியனுப்பினால் அது முடிவின்றிச் சுழலும். எறிந்துவிட்டாலோ ஒருவர் உழைப்பு அழியும். முகவரி விளங்காத கடிதத்தைத் தபாற்கந்தோர் தனியே வைப்பதுபோல, அதனை வேறொரு வரிசையில் இட்டு மனிதர் ஒருவர் பார்வையிடல் வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கையே நுட்பமானது. செவ்வாய்க் கிரகத்துக்கு அமெரிக்கா அனுப்பிய விண்கலமொன்று 1999ஆம் ஆண்டில் அழிந்தது. ஒரு செய்நிரல் பவுண்டு விசையிற் கணித்து எழுதிய எண்ணை, மற்றொரு செய்நிரல் நியூட்டனெனக் கொண்டதே காரணம். எண்ணின் வகை சரியே, அலகுதான் பிழை. நம் மடுவத்தில் 18 இறாத்தல் என்பது 8 கிலோவுக்குச் சற்றே கூடியது. அதனை 18 கிலோவெனக் கொண்டால் கணக்கு இரு மடங்குக்கு மேலாகும். ஆதலின் ‘எண்’ என்று மட்டும் விதியாது, ‘கிலோவில் நிறை’ என அலகையும் வகையினுள்ளே அமைத்தல் வேண்டும். நாம் சிந்தித்து வரையறுத்த அளவுக்கே நூலகம் நமக்குக் காவலாகும்.

கணினி பயிலும் இளைய மாணவர்கட்கு ஒன்று கூறி அமைவேன். வகைகளை எழுதுதல் வீண் வேலையெனத் தோன்றும் நாளும் வரும். அன்று மடுவத்தில் வரிசையாய் நிற்போரை நினைமின். மாத முடிவில் மேலதிகக் கிலோவுக்குரிய பணம் குறைந்தால், தவறு எக்கணினியில் நிகழ்ந்ததென அவர் கேட்டறிதல் இயலாது. அவர்பொருட்டு அவ்வினாவை முன்கூட்டியே கேட்டுவைத்தல் செய்நிரல் எழுதுவோர் கடனாகும்.