அபார்ட்மெண்ட் ஹோட்டல்: வீடா, விடுதியா?

பனிச்சறுக்குக்காக ஜப்பான் போகும் வெளிநாட்டார் வாயில் முதலில் வரும் பெயர் நிசெகோ. ஹொக்கைடோ தீவில், சப்போரோவுக்குத் தென்மேற்கே, 1,898 மீட்டர் உயர யோதெய் எரிமலைக்கு எதிரே இருக்கிறது. நிசெகோவின் மலையடிவாரக் கிராமமான ஹிராஃபுவில் 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியர்கள் மனை வாங்கி அடுக்குமாடிகள் கட்ட ஆரம்பித்தார்கள். சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், இரண்டு மூன்று படுக்கையறை என்று முழு வீட்டையே நாள் வாடகைக்கு விடும் அபார்ட்மெண்ட் ஹோட்டல்கள் அங்கே பெருகியது அதற்குப் பிறகுதான். சிங்கப்பூரிலிருந்து டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பும் தமிழர்களுக்கும் இது வசதிதான். ஆனால் இவற்றைப் பற்றி உலவும் பேச்சில் பாதி டோக்கியோ ஹோட்டலைப் பார்த்து வந்தது, மீதி விளம்பரப் படத்தைப் பார்த்து வந்தது.

“ஜப்பான் அறை என்றால் கையை நீட்டினால் சுவர் இடிக்கும்.” டோக்கியோவின் பிசினஸ் ஹோட்டலில் இடிக்கும். ஹிராஃபுவில் இடிக்காது. பதிவு செய்யும்போது 2எல்டிகே என்று போட்டிருந்தால் இரண்டு படுக்கையறை. கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் சேர்ந்து ஒரே பெரிய அறையில் என்று பொருள். ஒரு குடும்பம் தாராளமாகப் புழங்கலாம். தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் மட்டும் படுக்கைகளில் எத்தனை சோஃபாவை விரித்துப் போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஹோட்டல்தானே, எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.” ஏமாற்றம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். பல இடங்களில் வரவேற்பு மேசைக்கு நேரக்கணக்கு உண்டு. இரவு தாமதமாக வந்தால் கதவுக்குக் குறியீட்டு எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டுப் பயணிகளின் பாஸ்போர்ட் நகலை வாங்கி வைப்பது அங்கே சட்டம், சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் வந்து படுக்கை விரித்துத் துடைத்துப் போவார்கள் என்பதற்கும் உறுதியில்லை. சில நாளைக்கு ஒரு முறைதான் துண்டு, விரிப்பு மாற்றுவார்கள். தட்டு கழுவுவது நம் வேலை. குப்பையை எரிக்கக்கூடியது, பாட்டில், டப்பா என்று பிரித்துப் போடுவதும் நம் வேலை. எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துவிட்டுக் கிளம்பினால் முகம் சுளிப்பார்கள்.

ஹீட்டர் கதையும் இதே ரகம். நம் வீட்டில் வெளியே கிளம்பும்போது மின்விசிறியையும் விளக்கையும் அணைப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். அங்கே ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குப் போவது சாதாரணம். வீடு முழுவதும் ஆறிப்போனால் குழாயில் தண்ணீர் உறையும், குழாய் வெடிக்கும். குறைத்து வையுங்கள், அணைக்காதீர்கள். மற்றபடி உள்ளே குளிரும் என்ற பயமே தேவையில்லை. ஹொக்கைடோ வீடுகளில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் நல்ல வெப்பக் காப்பும் உண்டு. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு பனியனோடு உட்காரும்படி இருக்கும்.

ஈரத் துணிக்கு அங்கே அருமையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் குளியலறைக் கூரையில் சூடான காற்று ஊதும் பெட்டி; அதற்குக் கீழே குறுக்காக ஒரு கம்பி. கையுறை, உள்ளாடை, காலுறை எல்லாவற்றையும் அதில் மாட்டிக் கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். துவைத்து உலர்த்தும் இயந்திரத்தில் சறுக்கு உடுப்பைப் போட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கீ பூட்ஸுக்குக் கீழ்த்தளத்தில் தனி உலர்த்தும் அறை இருக்கும்.

“சமையலறை இருக்கிறதே, குக்கரை எடுத்துப்போனால் போதும்.” நம்மூர் மின்சாரம் 230 வோல்ட், சிங்கப்பூரிலும் அப்படியே. ஜப்பானில் 100. பிளக் மாற்றி போட்டு ரைஸ் குக்கரைச் செருகினால் வழக்கமான சூட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, அரிசி ஊறிக்கொண்டிருக்கும். மிக்ஸி முனகும், அரைக்காது. அங்கேயே நல்ல ரைஸ் குக்கர் வைத்திருப்பார்கள், அதை நம்பலாம். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன். அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரமே வேண்டும்.

கறிவேப்பிலை? பச்சை இலை, காய், பழம் எதையும் தாவர நலச் சான்றில்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. இறைச்சி கலந்த பொருளுக்கும் தடை. கடையில் அடைத்து விற்கும் மசாலாப் பொடிக்கும் பெருங்காயத்துக்கும் தொல்லையில்லை. தாளிக்கும்போது புகைபோக்கியை முழு வேகத்தில் வையுங்கள். புகை உணரி அலறினால் அக்கம்பக்கமெல்லாம் எழுந்துகொள்ளும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சமையலறை ஆடம்பரமில்லை, அவசியம். ஜப்பானியச் சாறுகளுக்கு அடிப்படையே காய்ந்த மீன் சீவலில் எடுத்த தாஷி. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், நூடுல்ஸுக்கு ஊற்றும் குழம்பிலும் அது இருக்கும். ‘இறைச்சி இல்லை’ என்று பரிமாறுகிறவர் நல்ல மனதோடுதான் சொல்வார். பால், முட்டை, டோஃபு, முட்டைக்கோஸ் எல்லாம் பக்கத்திலுள்ள குச்சன் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அந்த ஊரின் பெருமையே உருளைக்கிழங்குதான், ஊரின் சின்னமான பொம்மைக்குக்கூட உருளைக்கிழங்கு முகம். வறுவலுக்குக் குறைவிருக்காது. ஹிராஃபுவுக்குள்ளேயே செய்கோமார்ட் கடை உண்டு, ஆனால் ஒரு வாரச் சமையலுக்கு அது போதாது. வந்த அன்றே குச்சன் போய் மொத்தமாக வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

“ஹோட்டலைவிட மலிவு.” ஆள் கணக்கைப் பொறுத்தது. பாரம்பரிய ரியோகான் விடுதியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், இங்கே வீட்டுக்கு இவ்வளவு. ஆறு பேர் பங்கு போட்டால் லாபம். இரண்டு பேர் போய் மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் நஷ்டம்தான். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஆஸ்திரேலியர்களின் ஜனவரி விடுமுறை, சீனப் புத்தாண்டு மூன்றும் உச்சக் காலம்; குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும், கடுமையான ரத்து விதியும் சேர்ந்தே வரும். குச்சன் நகராட்சி 2019 நவம்பரில் 2 சதவீதத்தில் தங்கும் வரியையும் தொடங்கியது. கட்டணத்தில் அது அடங்கியதா என்று பார்க்கவும்.

“ஜன்னலைத் திறந்தால் யோதெய், வாசலில் இறங்கினால் சறுக்குத்தளம்.” யோதெய் ஜனவரியில் நாள்கணக்கில் முகம் காட்டாது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை உறிஞ்சி வந்து இந்த மலையில் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் பத்து மீட்டருக்கு மேல் பனி விழுகிறது. அந்த மாவுப் பனிக்காகத்தான் உலகம் அங்கே போகிறது, வெயிலும் சேர்த்துக் கேட்பது பேராசை. சறுக்குத்தளத்தை ஒட்டிய கட்டடங்கள் சிலவே, விலையும் அதற்கேற்ப. மற்றவற்றிலிருந்து இலவசப் பேருந்திலோ, ஸ்கீ பூட்ஸோடு சரிவில் நடந்தோ போக வேண்டும். நடக்கும்போது கூரை ஓரத்துக்குக் கீழே நிற்காதீர்கள், மேலே சேர்ந்த பனி முன்னறிவிப்பின்றிச் சரியும். நவம்பர் கடைசியில், டிசம்பர் தொடக்கத்தில் போகிறவர்களுக்குப் பனி மெல்லியதாகவே இருக்கும். பிள்ளைகள் பனியில் புரள அது போதும், மலை முழுவதும் சறுக்கப் போதாது.

வெந்நீர் ஊற்றுக் குளியல் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. பல அபார்ட்மெண்ட் ஹோட்டல்களில் அது இல்லை. அருகிலுள்ள பொதுக் குளியலகத்துக்குக் காசு கொடுத்துப் போகலாம்.

சறுக்குப் பலகையைச் சுமந்து ரயில் ஏறுவதை நினைத்துப் பயப்படுவோரும் உண்டு. யமாதோ நிறுவனம் 1983-லிருந்தே சறுக்குச் சாமான்களைத் தனியே அனுப்பும் சேவை நடத்துகிறது. நியூ சிதோசே விமான நிலையத்தில் பெட்டியையும் பலகையையும் ஒப்படைத்தால் விடுதிக்கே கொண்டுவந்து தருவார்கள். அன்றே வந்து சேரும் என்று எண்ண வேண்டாம். முதல் இரவுக்கான உடுப்பும் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.