வீட்டில் தொடங்கும் சாட்சி

(தியானப் பகுதி: மாற்கு 5:18-20)

லேகியோனின் பிடியினின்று விடுதலை பெற்றவன் ஆண்டவரோடு படவில் ஏறிச் செல்ல விரும்பினான். நியாயமான விருப்பமே. ஆயினும் ஆண்டவர் அதற்கு இசையாமல், அவனைச் சொந்த வீட்டாரிடத்திற்கே திருப்பி அனுப்பினார். அவன் கல்லறைகளில் அலறித் திரிந்த நாட்களை அறிந்தவர்கள் அவர்கள். புத்தி தெளிந்தவனாய் அவன் வாசலில் வந்து நின்றாலே போதும்; வாய் திறக்குமுன் சாட்சி தொடங்கிவிடும். தெக்கப்போலி நாட்டில் அவன் பிரசித்தம்பண்ணியது அதன் தொடர்ச்சியே.

அந்நியரிடம் நம் சந்தோஷத்தைப் பகிர்வது எளிது. நம் பழைய நாட்களை அவர்கள் அறியார்கள். வீட்டாரோ நம் கோபத்தையும் குறையையும் அன்றாடம் காண்கிறவர்கள். தெருவில் தாராளமாய்க் கைப்பிரதி கொடுக்கும் பலர் வீட்டில் மௌனமாகிவிடுவது இதனாலேயே. சிலர் மௌனத்திற்குப் பதிலாக வாதம் செய்கிறார்கள். அது இன்னும் கேடு.

மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் (1861-1919) பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1893-ல் இரயில் பயணத்தில் சந்தித்த அயல்நாட்டவர் ஒருவர் புதிய ஏற்பாட்டை அவர் கையில் கொடுத்தார். மலைப்பிரசங்கம் அவரைப் பற்றிக்கொண்டது. 1895-ல் மும்பையில் ஞானஸ்நானம் பெற்றார்.

அவருக்கு மகிழ்ச்சியாயிருந்த அச்செய்தி மனைவி லட்சுமிபாய்க்கு இடியாய் விழுந்தது. சில ஆண்டுகள் இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். பின்பு அவர் திரும்பி வந்தபோதும் விசுவாசத்தோடு வரவில்லை; உணவிலும் தண்ணீரிலும் தீட்டுப் பார்ப்பதை விடாமலே வந்தார். திலக் முன்கோபி என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 'ஸ்மிருதி சித்ரே' என்னும் தம் சுயசரிதையில் லட்சுமிபாய் அதை மறைக்கவில்லை. வார்த்தையின்றி நடக்கையினால் துணைவரை ஆதாயப்படுத்தும்படி பேதுரு மனைவிகளுக்கே எழுதினார் (1 பேதுரு 3:1). இந்த வீட்டிலோ அப்பாடத்தைக் கணவரே கற்க வேண்டியதாயிற்று!

சாதி தேவன் வகுத்ததா, மனிதர் வகுத்ததா என்ற கேள்வி லட்சுமிபாயின் உள்ளத்திலேயே எழுந்தது. விடை கிடைத்ததும் தீட்டு அகன்றது. 1900-ல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

திலக் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டுச்சென்ற 'கிறிஸ்தாயன்' காவியத்தைப் பின்னாளில் எழுதி நிறைவுசெய்தவர் லட்சுமிபாயே.