கம்பியில்லாத் தொலைபேசிக்கு நான்கு சர்வர்கள்

சர்வர் என்றதும் நம்மில் பலருக்கு 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். கணினி உலகிலும் சர்வரின் வேலை ஏறக்குறைய அதுதான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சிறிய அலுவலகத்தில், வை-ஃபையில் இயங்கும் தொலைபேசிகளை அமைக்க என்னென்ன சர்வர்கள் தேவை என்று பார்ப்போம். கடையோ டியூஷன் சென்டரோ நடத்தும் நம்மவர்களுக்கு இது பயன்படும். நான்கு பணிகளுக்கும் லினக்ஸ் போட்ட ஒரே சிறிய கணினி போதும்.

முதலாவது, டி.ஹெச்.சி.பி. விடுதிக்கு வருபவருக்கு வார்டன் அறை எண் கொடுப்பதுபோல, ஒவ்வொரு தொலைபேசிக்கும் இது ஒரு முகவரி கொடுக்கிறது. சர்வருக்கு 192.168.10.2 என்று நிலையான முகவரி வையுங்கள். தொலைபேசிகளுக்கு 192.168.10.50 முதல் 80 வரை ஒதுக்குங்கள். முகவரியோடு, ‘அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது’ என்பதை 66-ஆம் குறிப்பும், ‘மணி யாரிடம் கேட்க வேண்டும்’ என்பதை 42-ஆம் குறிப்பும் சொல்லும்.

இரண்டாவது, டி.எஃப்.டி.பி. அமைப்புக் கோப்பை வழங்குவது இதுவே. பெரும்பாலான கருவிகள் தம் 12 இலக்க மேக் எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பைக் கேட்கும். இதற்குக் கடவுச்சொல் கிடையாது; அதே வலையில் இருக்கும் எவரும் கோப்பைப் படித்துவிடலாம். ஆகவே தொலைபேசிகளைத் தனி வலையில் வையுங்கள். கருவி ஹெச்.டி.டி.பி.எஸ். முறையை ஏற்குமானால் அதுவே நல்லது. ‘டி.என்.எஸ்.மாஸ்க்’ என்ற இலவச மென்பொருள் இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்யும்.

மூன்றாவது, என்.டி.பி. சரியான நேரத்தைச் சொல்வது. மணி காட்ட மட்டும்தானே என்று எண்ண வேண்டாம். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கருவி ஏற்காது, இணைப்பே கிடைக்காது.

நான்காவது, எஸ்.ஐ.பி. சர்வர். பழைய எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரின் இடம் இதனுடையது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ‘ஆஸ்டெரிஸ்க்’ இலவசமாகவே கிடைக்கிறது. 101, 102 என்று எண்கள் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீண்ட கடவுச்சொல் வையுங்கள். எண்ணையே கடவுச்சொல்லாக வைத்து, 5060 வாசலையும் இணையத்துக்குத் திறந்துவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். வெளி அழைப்புகளுக்கு உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பையே வாங்குங்கள்.

ஜி.711 முறையில் ஓர் உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 80 முதல் 90 கிலோபிட் வரைதான் செலவாகும். சிக்கல் வேகத்தில் இல்லை, தாமதத்தில். குரல் போய்ச்சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆனால் பேச்சு இடறத் தொடங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றை எடுங்கள். கருவி இடம் கொடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸே மேல். சர்வர், ஸ்விட்ச், வை-ஃபை கருவி மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும்.

இனி, நான் செய்த தவறு. எங்கள் பகுதிச் சங்க அலுவலகத்தில் இப்படி அமைத்துக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து, மாடியறையில் சிக்னல் போதவில்லை என்று வீட்டிலிருந்த பழைய ரௌட்டரைக் கொண்டுபோய் மாட்டினேன். அதற்குள்ளும் ஒரு டி.ஹெச்.சி.பி. இருப்பதை மறந்துவிட்டேன். ஒரு விடுதிக்கு இரண்டு வார்டன்கள்! அணைத்துப் போட்ட தொலைபேசிகள் அதனிடம் 192.168.0 என்று தொடங்கும் முகவரி வாங்கிக்கொண்டு ஊமையாயின. அணைக்காதவை வழக்கம்போல் பேசின. அதனால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், ரத்தம் வேண்டி அன்று மாலை முழுவதும் அலுவலக எண்ணுக்கு அடித்திருக்கிறது. வரவேற்பறைத் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. நல்லவேளையாக ரத்தம் வேறு வழியில் கிடைத்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் கோபப்படாமல், “நீங்க யாரும் இல்லைன்னு நினைச்சோம் தம்பி” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பழைய ரௌட்டரின் டி.ஹெச்.சி.பி.யை நிறுத்தியதும் எல்லாம் சரியாயிற்று. ஸ்விட்சில் ‘டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங்’ வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்; நம் சர்வரைத் தவிர வேறெதுவும் முகவரி கொடுக்க முடியாது. அதைவிட எளிய பழக்கம் ஒன்று: வாரம் ஒருமுறை வெளியிலிருந்து உங்கள் எண்ணுக்கு நீங்களே அடித்து, எல்லாத் தொலைபேசிகளும் ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். நான் ஞாயிறுதோறும் அடிக்கிறேன்.