தாத்தாவின் கேமராப் பெட்டி

ஸ்டுடியோ வைத்திருந்த தாத்தாவின் பெட்டியில் யாஷிகா மேட் 124ஜி, ஜெனிட்-இ, ஆக்ஃபா கிளிக் III, ஒரு பிளாஸ்டிக் ஃபிளாஷ் கேமரா என நான்கு இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது?
– வாசகி, கும்பகோணம்

யாஷிகாவை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். 1970 முதல் 1986 வரை ஜப்பானில் தயாரான இரட்டை லென்ஸ் கேமரா அது. வயிற்றருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். ஒரு 120 ஃபிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள். அந்தச் சுருள் இன்றும் விற்பனைக்கு வருவதால், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு படமும் எடுக்கலாம். முதலில் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. பரவும் முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

சோவியத் ஜெனிட்-இ லட்சக்கணக்கில் தயாரானது, எனவே அரிய பொருளல்ல. ஆனால் லென்ஸின் வளையத்தில் ‘ஹீலியோஸ் 44-2’ என்றிருந்தால் மவுசு அதற்குத்தான். பின்னணியைச் சுழல்போல் மங்கலாக்கும் அதன் குணத்துக்காக, டிஜிட்டல் கேமராவில் அடாப்டர் வைத்து மாட்டுகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆக்ஃபா கிளிக் பெரிய விலை போகாது. இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்; இந்தியாவிலும் தயாராகி, எத்தனையோ வீடுகளுக்கு முதல் கேமராவாக வந்தது அது.

பிளாஸ்டிக் கேமராவைக் கொடுத்துவிடலாம். திருப்புளியால் மட்டும் திறக்காதீர்கள், ஃபிளாஷ் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

பேட்டரி போடும் கேமராக்களில் அதை எடுத்துவிடுங்கள். தோல் உறை ஈரத்தை இழுக்கும். அதைக் கழற்றித் தனியே வைத்து, கேமராக்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.