நாள் குறிக்கும் முன்

அன்புள்ள கயல்,

ஜெர்மனியில்தான் கல்யாணம் என்று முடிவாகிவிட்டதா, சந்தோஷம். இனி முகூர்த்தத்தைக் காகிதங்கள்தான் முடிவு செய்யும். அங்கே 1876 முதல் பதிவு அலுவலகத்தில் நடப்பதுதான் சட்டப்படி கல்யாணம். அந்த அலுவலகத்துக்கு ‘ஸ்டாண்டஸ்அம்ட்’ என்று பெயர். என்னென்ன சான்றிதழ் வேண்டுமென்று மாப்பிள்ளையை அங்கே எழுத்தில் பட்டியல் வாங்கச் சொல். ஊருக்கு ஊர் கேட்பது மாறும். உன் தோழிக்குப் போதுமானது உனக்குப் போதாமல் போகலாம்.

பட்டியல் வந்ததும் பெயரைச் சரிபார். நம்மவர்களுக்கு வில்லங்கமே இனிஷியலில்தான். பிறப்புச் சான்றிதழில் ‘கயல்விழி’, மார்க் ஷீட்டில் ‘எம். கயல்விழி’, பாஸ்போர்ட்டில் ‘கயல்விழி முருகேசன்’. நமக்கு மூன்றும் ஒருத்திதான்; அங்குள்ள அதிகாரிக்கு மூன்று பேர். சிலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறியிருக்காது. பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

‘அப்போஸ்டில் முத்திரை வாங்கினால் போதும்’ என்பார்கள். பல நாடுகளுக்கு அது சரி. அந்த முத்திரையை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நாம் சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்ததால் அங்கே நம் முத்திரை செல்லாது. பதிவு அலுவலகம் கேட்டால், ஜெர்மன் தூதரகம் ஆள்வைத்து உன் சான்றிதழ் உண்மைதானா என்று இங்கேயே விசாரிக்கும். செலவு உண்டு, மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்று, மணம் செய்யத் தடையில்லை என்று தாய்நாடு தரவேண்டிய சான்றிதழ். அவர்கள் கேட்கிற வடிவில் இந்தியா அதைத் தருவதில்லை. அதற்குப் பதில் அங்குள்ள உயர் மாநில நீதிமன்றத்தின் தலைவர் விலக்கு அளிக்க வேண்டும். மனுவைப் பதிவு அலுவலகமே அனுப்பிவைக்கும். விலக்கு ஆறு மாதம்தான் செல்லும், அதற்குள் கல்யாணம் நடந்தாக வேண்டும்.

இதில் சூட்சுமம் வரிசைதான். காலாவதி ஆகாததையும் தாமதமாவதையும் முதலில் முடி. பழசானால் மதிப்பிழப்பதைக் கடைசியில் வாங்கு. பிறப்புச் சான்றிதழ் முதல் ரகம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கும் திருமணமாகாதவர் சான்றிதழ் இரண்டாம் ரகம். புதிதாக இருந்தால்தான் ஏற்பார்கள். மொழிபெயர்ப்பை ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடு. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே இருக்கட்டும்.

கல்யாணம் முடிந்ததும் பன்மொழித் திருமணச் சான்றிதழில் இரண்டு பிரதி கேட்டு வாங்கு. வெளிநாட்டுத் திருமணச் சட்டம், 1969இன்படி அதை இந்தியத் தூதரகத்திலும் பதியலாம்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதை, விலக்கு கைக்கு வரும்வரை தள்ளிப் போடு. அப்பாவிடமும் சொல்லிவை.

அன்புடன்,
சித்தி